தூங்கிக்கொண்டே கடந்த வளைவு

மூன்று வருடத்துக்கு முன், மிளகு உதிர்க்கும் காலம். கொல்லிமலையில் குண்டனி நாட்டுப் பக்கம் கிராம நர்ஸாக இருந்தேன். வீடு அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில். தினமும் காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலை ஏறி, சாயங்காலம் இறங்குவேன்.

அங்கே ஒரு பெண்ணுக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். கால் வீங்கியிருந்தது, ரத்தக்கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ, "நான் ஊட்டுலயே பெத்துக்கறனுங்க, கீழ மட்டும் கூப்புடாதீங்க" என்று ஒரே பிடிவாதம். புருஷன் கெஞ்சிப் பார்த்தார். நான் மிரட்டியும் பார்த்துவிட்டேன். எனக்குப் பொறுமையெல்லாம் கைக்குழந்தைகளிடம்தான், பெறுகிறவர்களிடம் கிடையாது.

அன்றும் திட்டத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்து மிளகுக் கொத்துகளை உதிர்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் ஒரு கொத்தை எடுத்தேன். பிறகு அவளே ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

தாயில்லாத அவளைத் தூக்கி வளர்த்தது அவளுடைய அக்கா. அந்த அக்காவைப் பிரசவ வலி வந்த பிறகு ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் இவள்தான்.

"ஒவ்வொரு வளைவுக்கும் 'இன்னும் எத்தனை கண்ணு'ன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சுங்க. ஒரு வளைவுக்கு அப்பறம் கேக்கவே இல்லீங்க."

இத்தனை நாளும் ஆஸ்பத்திரியின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேனே! அவளுக்கு ஆஸ்பத்திரிமேல் பயமே இல்லை. போகிற வழிதான் பயம்.

"வலி வரதுக்கு முன்னாடியே, நாளைக்கே எறங்கிடலாமா கண்ணு? நானும் கூடவே வாரேன்" என்றேன். கையிலிருந்த கொத்து முழுக்க உதிர்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"படுக்க மாட்டனுங்க. உக்காந்துக்கிட்டுத்தான் வருவேன்."

மறுநாள் வாடகைக் காரில் விறைப்பாக நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள். அந்த வளைவில் அவள் நகம் என் கையில் பதிந்தது. நான் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே இருந்தேன். சமதளம் வந்ததும், "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலைந்து நாளில் பெண் குழந்தை. நடுவில் ரத்தக்கொதிப்பு எகிறி எல்லோரையும் ஓடவிட்டது. தாயும் சேயும் நலம் என்று கேட்டதும் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

ஊர் திரும்பியபோது குழந்தையை அப்பன் முன்சீட்டில் வைத்துக்கொண்டார். மலை ஏற ஆரம்பித்ததும் அவள் தானாகவே என் மடியில் தலை சாய்த்தாள். அந்த வளைவு வந்தது, போனது. நல்ல தூக்கம் அவளுக்கு.

இப்போதெல்லாம் யாராவது "வர மாட்டேன்" என்று அடம்பிடித்தால், பையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர்கள் மடியிலும் யாருடைய தலையாவது இன்னும் கனத்துக்கொண்டிருக்கலாம்.