அக்கா விட்ட மூச்சு

மாடிப்படி ஏறி வருகிறவர்களை அக்கா உடனே உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே நிறுத்தி, நலம் விசாரிக்கிற சாக்கில் அவர்களுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்ப்பாள். "இரு, உன் ரத்தத்துல புளிப்பு ஏறியிருக்கு. நுரையீரல் வெளிய தள்ளிட்டிருக்கு, தொந்தரவு பண்ணாத." கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவருக்கும் இதே வரவேற்புதான்.

நர்சிங் கல்லூரியில் உடலியல் பாடம் எடுக்கிறாள். ரத்தத்தில் அமிலமும் காரமும் இம்மி பிசகாமல் நிற்பது அவளுக்குக் குடும்பக் கதை மாதிரி. "நுரையீரல் அவசரக்குடுக்கை, நிமிஷத்துல சரிபண்ணப் பாக்கும். கிட்னி எங்க வீட்டுக்காரர் மாதிரி. ரெண்டு மூணு நாள் எடுத்துக்கும், ஆனா உருப்படியா செய்யும்." இதற்கு அத்தான் மறுநாள்தான் சிரிப்பார்.

தன் மானத்தைத் தானே வாங்குவதில் அவளுக்குத் தனி குஷி. மகளின் பிரசவக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

அன்று குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்றார் டாக்டர். "இப்படி மூச்சு விடுடி" என்று மகளுக்குச் செய்துகாட்டத் தொடங்கிய அக்கா நிறுத்தவே இல்லை. உதடு மரத்தது. விரல்கள் கொக்கின் அலகு போலக் குவிந்து இறுகின.

"ஐயோ, பக்கவாதம்! என் கை போச்சு!"

சக்கர நாற்காலி எடுக்க ஓடிய நான், பதற்றத்தில் அதில் நானே உட்கார்ந்துவிட்டேன்.

கட்டிலில் கிடந்த மகள்தான் வலிக்கு நடுவே அதட்டினாள். "அம்மா, ஒண்ணும் இல்ல. மூச்சை வாரி இறைச்சிட்ட. கரியமில வாயு போயி ரத்தத்துல காரம் ஏறிடுச்சு, அதான் விரல் இழுத்துக்குது. சோத்தோட சேத்து இதைத்தான எனக்கு ஊட்டின? என்னைப் பாரு. மெதுவா விடு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மூச்சு விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் பிரிந்தன. குழந்தையின் துடிப்பும் சீரானதாக டாக்டர் சொன்னார்.

"வருஷா வருஷம் இந்தப் பாடத்தை நடத்துறவ நானு. பரீட்சைல நான் ஃபெயில், பிரசவ வலில கெடந்தவ பாஸ்!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்வதில்லை. பேத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. நாங்களெல்லாம் மூக்கு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் குனிந்து, அந்த மூக்கின் கீழே விரலை வைத்தாள். சூடாகக் காற்று வந்து படும்வரை, தன் மூச்சை அவள் விடவில்லை.