குடும்பக் கப்பலில் இரண்டு பேர்

இருபத்தாறு வருடமாக நான் சிலிபின் வட்டாரத்தில் பாலர் பள்ளி ஆசிரியை. என் கணவர் அர்ச்சுனன் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஊரார் பிள்ளைகளுக்கு நான் மூக்குத் துடைத்துவிடுவேன், அவர் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பார். வேனை எடுக்குமுன் ஒவ்வொரு தலையாக எண்ணுவார். கடைசி சீட்வரை போய், யாராவது தூங்கிக் கிடக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பார். "பதினாலு. சரியா இருக்கு, போலாம்" என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. டாக்டர், கோயில், மறுபடி டாக்டர் என்று அலைந்து, என் நாற்பதாவது வயதில் போதும் என்று விட்டோம். அழ வேண்டியதை அப்போதே அழுது முடித்துவிட்டேன். இது அந்தக் கதை இல்லை. நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்ற கதை.

போன வருடம், பிள்ளைகளின் சத்தமே கேட்காத இடத்துக்கு நான்கு நாள் போய்விட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. கப்பல் பயணம்தான் சரி என்று முடிவு செய்தேன். நடுக்கடலுக்கு எந்தப் பிள்ளை வரப்போகிறது? பயண ஏஜென்சியில் இருந்த பெண், "ஃபேமிலி பேக்கேஜா அக்கா?" என்று கேட்டாள். "ஆமா, நாங்க ஃபேமிலிதானே" என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே. பள்ளி விடுமுறையில்தான் எனக்கு லீவு, அதனால் அந்த வாரத்துக்கே டிக்கெட் போட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வாரம்தான் விடுமுறை என்பது, விடுமுறை அட்டவணையை வருடா வருடம் என் கையாலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற எனக்குத் தோன்றவில்லை.

பினாங்கில் கப்பல் ஏறியதுமே புரிந்துவிட்டது. நீச்சல் குளத்தில் தண்ணீரைவிடப் பிள்ளைகள் அதிகம். எங்கள் அறையில் பெரிய கட்டிலுக்கு எதிரே, கரடிப் படம் போட்ட விரிப்போடு ஓர் இரட்டை அடுக்குக் கட்டில். அதில் தலையணைக்கு ஒன்றாக இரண்டு கலர் பென்சில் பெட்டிகள். அர்ச்சுனன் ஒன்றைத் திறந்து பார்த்து, "பரவாயில்லலா டீச்சர், கலர் அடிச்சே நாலு நாள ஓட்டிரலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இந்த நாலு நாளும் எந்தப் புள்ளையையும் திரும்பிப் பாக்கக் கூடாது. புள்ளைங்களப் பத்திப் பேசவும் கூடாது. நாம ரெண்டு பேரு மட்டும்தான்" என்று சட்டம் போட்டேன். அவரும் தலையாட்டினார்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேஜையில் அந்தச் சட்டம் என்னையே திருப்பிக் கடித்தது. வீட்டில் சாப்பிடும்போது எங்கள் வாய் ஓயாது. எவன் வேனில் வாந்தி எடுத்தான், எவள் காலணியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள், எந்த அம்மா சண்டைக்கு வந்தாள் என்று போய்க்கொண்டே இருக்கும். இப்போது அதெல்லாம் கிடையாது.

"சூப்பு நல்லாருக்கு" என்றார்.

"ம்" என்றேன்.

"உப்புதான் கொஞ்சம் கம்மி."

"ம்."

பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான். ஊரார் பிள்ளைகளைப் பேசித்தான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினோமா? அவர்களை எடுத்துவிட்டால் எங்களுக்குள் ஒன்றுமே மிச்சமில்லையா? இன்னும் மூன்று வருடத்தில் நான் வேலையை விட்டுவிடுவேன், அவரும் வேனை விற்றுவிடுவார். அதற்கப்புறம் சாகும்வரை சூப்பைப் பற்றியே பேசுவதா? உண்மையாகவே பயந்துவிட்டேன்.

மறுநாளும் அதே கதிதான். காலையில், "கடல் பெருசா இருக்கு" என்றார். மத்தியானம் தூங்கப் போவதாகச் சொன்னார். நான் புத்தகம் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். புத்தகம் எதையும் நான் கொண்டுவரவே இல்லை.

கால் தானாகப் பிள்ளைகள் விளையாடும் கூடத்துக்குப் போனது. அங்கே ஐஸ்கிரீமுக்காக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. என் வாய் என்னைக் கேட்காமலே, "பெராத்தூர்! வரிசையா நில்லுங்க!" என்று கத்திவிட்டது. சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக நின்றன. ஐஸ்கிரீம் கொடுத்த ஆள்கூட நிமிர்ந்து நின்றார்.

வரிசையின் கடைசியில் ஒரு நரைத்த தலை குனிந்திருந்தது. அர்ச்சுனன், யாருடைய பிள்ளைக்கோ செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்கப் போறேன்னீங்க?"

"நீ புக்கு படிக்கப் போறேன்ன?"

ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு மேல்தளத்துக்குப் போனோம். அங்கே கேட்டுவிட்டேன். "ஏங்க, புள்ளைங்கள விட்டா நமக்குப் பேச ஒண்ணுமே இல்லையா?"

அவர் கையில் வழிந்த ஐஸ்கிரீமைத் துடைத்துக்கொண்டார். "நானும் பயந்துட்டேன்லா. பொண்டாட்டிகிட்ட என்ன பேசலாம்னு ஃபோன்ல தேடிக்கூடப் பாத்தேன்."

"என்னா போட்டிருந்திச்சி?"

"சின்ன வயசு ஆச என்னான்னு கேக்கணுமாம். கல்யாணமாகி இருபத்தஞ்சி வருஷம் கழிச்சி கேட்டா நீ அடிப்பியேன்னு விட்டுட்டேன்."

சிரித்த சிரிப்பில் ஐஸ்கிரீம் என் சட்டையில் கொட்டியது. "கேளுங்க" என்றேன். கேட்டார்.

சிம்பாங் பூலாயில் கல் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். பெரியவளானதும் லாரி ஓட்டுவேன் என்று சொல்லி வீட்டில் அடி வாங்கியிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் வாயைப் பிளந்தார். அவர் பிறந்தது தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, கிராணி என்கிற தோட்டத்துக் கணக்கர் பெயர் கூப்பிட்டு எண்ணுவார். அவருடைய அப்பா முப்பது வருடம் அந்த வரிசையில் நின்றாராம். "நான் எண்ணுற கிராணியா ஆகணும்னு ஆசப்பட்டேன்" என்றார். "அதான் வேன்ல எண்ணிக்கிட்டுக் கெடக்குறேன்."

இவ்வளவு நாளும் எனக்கு இது தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் பேசினோம். நடுவில் இரண்டு தடவை சண்டைகூடப் போட்டுக்கொண்டோம்.

இறங்குகிற அன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வந்தோம். அவர் வாசலில் நின்று, திரும்பி உள்ளே போய், கரடிக் கட்டிலின் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு எக்கி மேல்தட்டையும் பார்த்தார். பழக்கதோஷம். யாரும் படுக்காத அந்த விரிப்பில் மடிப்புக்கூடக் கலையவில்லை. எல்லாம் அழுது முடித்துவிட்டேன் என்று சொன்னேனே, முழுசாக முடிக்கவில்லை போலிருக்கிறது.

அவர் வெளியே வந்தார். விரலை என் பக்கம் நீட்டினார். "ஒண்ணு." தன் நெஞ்சைத் தொட்டார். "ரெண்டு."

கதவைச் சாத்தினார். "சரியா இருக்கு, போலாம்."