ஞானம்பிகையின் அண்ணன் கோயில் பார்க்க வந்தார்

நகுலேஸ்வரனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஓரவஞ்சனையாகக் கதை சொல்லிவிட்டேன் என்று யாரும் என்னிடம் வரக்கூடாது.

அவர் ஞானம்பிகையின் அண்ணன், கனடாக்காரர். ஞானம்பிகை எனக்கு மேல்மாடி. அல்பெர்கேரியா என்ற பழைய நகர்ப்பகுதியில் ஈரம் ஊறிய சுவர்களுக்கு நடுவே அவளுக்கு இரண்டு அறை. நகரத்தின் பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது வெள்ளைக்கார அம்மாவின், தாயைக் குளிக்கவார்த்து, உடுத்திவிட்டு, சாப்பாடு தீத்துகிற வேலை. யாரிடமும் பல்லிளிக்க மாட்டாள். இரவல் வாங்கிய சட்டியை மினுக்கிக் கொண்டுவந்து தருவாள். நாங்கள் அழுக்காகத் திருப்பிக் கொடுத்தால் வாசலிலேயே வைத்து நாலு கேள்வி கேட்பாள். எனக்கும் அவளுக்கும் அதனாலேயே எத்தனையோ முறை பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. அப்படிப்பட்டவள் அண்ணனுக்கும் அவர் மனைவி சுலக்சனாவுக்கும் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, சமைக்கிற குசினியில் பாய் விரித்துப் படுத்தாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரே ஒரு ஏக்கம்தான். ஊரில் தகப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கண்ணை மூடுவதற்குள் அவர் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று தவித்தாள். அவரைப் பராமரிக்கும் பெண்ணை ஒழுங்கு செய்தவர் நகுலேஸ்வரன். அந்தப் பெண்ணோ நாங்கள் கோயில் பார்க்கப் போனதற்கு முந்தின நாளில் இருந்து ஞானம்பிகையின் அழைப்பை எடுக்கவில்லை.

கோயில் பார்க்கப் போக இருந்த அன்று காலை நான் மேலே ஏறினேன். நான் வேதக்காரி, ஆகையால் தேவாலயங்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களாகவே முடிவுசெய்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"அண்ணை, ஐயாவை ஒருக்கா வீடியோவில காட்டுங்கோவன்" என்று ஞானம்பிகை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கை சிக்னல் சரியில்லை. பின்னேரம் பாப்பம்."

அவள் சாமிப் படத்தடியில் இருந்து திருநீற்றுத் தட்டை எடுத்து நீட்டினாள். "பிறகு பூசுறன்" என்று அவர் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

முதலில் கதீட்ரலுக்குப் போனோம். ஞானம்பிகை வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றினாள். எந்தச் சாமியானாலும் அவளுக்குச் சாமிதான். சுலக்சனா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மச்சாள், வெள்ளையள் பாக்குதுகள். போடுங்கோ. இது இப்ப மியூசியம் மாதிரித்தானே" என்றாள். ஞானம்பிகை போடவில்லை. வெறுங்காலோடு சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் முன்னால் போய் மெழுகுதிரி கொளுத்தினாள்.

"ஐயாவுக்குச் சுகம் வரவேணும் எண்டு கேட்டனான், அண்ணை. நீங்களும் ஒண்டு கொளுத்துங்கோ."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் போகுது, நடவுங்கோ" என்றார்.

அடுத்தது நோர்மன் அரசர்களின் மாளிகை. உள்ளே இருக்கும் சிற்றாலயத்தில் சுவர், வளைவு, கூரை எல்லாம் பொன்னும் நிறக்கல்லும். மேலே பெரிய யேசு. கூரை அரபுத் தச்சர்கள் செய்த மரவேலை. எத்தனை தரம் போனாலும் எனக்கு அங்கே வாய் பிளக்கும். நகுலேஸ்வரன் ஒரு தூணோடு ஒதுங்கி, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடி நின்றார். விளக்கம் கேட்கிறார் என்று நினைத்தோம். சுலக்சனா படம் எடுத்துத் தள்ளினாள். திடீரென்று பார்த்தால் அந்த மனிதரின் கண்ணில் இருந்து தண்ணீர் வழிகிறது.

"அண்ணைக்கு மனம் இளகிப்போச்சு, எமிலியானா அக்கா" என்று ஞானம்பிகை என் காதோடு சொன்னாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. இப்போது நினைக்க உடம்பெல்லாம் எரிகிறது.

மத்தியானம் பல்லாரோ சந்தையில் ஞானம்பிகை எல்லோருக்கும் அரன்சீனா வாங்கினாள். இறைச்சி உள்ளே வைத்த, கைக்கு அடங்காத சோற்று உருண்டை. வந்த நாளில் இருந்து அண்ணன் அதைத்தான் கேட்டுக் கேட்டுத் தின்றார். முந்தாநாள் மண்ணீரல் வைத்த பாண் ரொட்டியைக்கூட விடவில்லை. அன்று கையை நீட்டவில்லை.

"எனக்கு மச்சம் மாமிசம் வேண்டாம். சுலக்சனாவுக்கும் வேண்டாம். கடலைமாப் பொரியல் இருந்தா எடு."

ஞானம்பிகை உருண்டையைக் கையில் வைத்தபடி அவரைப் பார்த்தாள். மழிக்காத தாடையைப் பார்த்தாள். காலையில் தொடாத திருநீறும் அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"ஐயா எப்ப செத்தவர்?" என்றாள்.

மீன் விற்பவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். நகுலேஸ்வரன் அவன் ஓய்வதற்குக் காத்திருந்தவர்போல நின்றுவிட்டுச் சொன்னார்: "நேற்று விடிய."

"எப்ப எடுக்கினம்?"

"எடுத்தாச்சு. நாங்கள் மாளிகைக்குள்ள நிக்கேக்கை. செத்தவீட்டை லைவில போட்டவை."

"நீங்கள் பாத்தனீங்கள்."

"நான் மூத்தவன். பாக்கத்தானே வேணும்."

"நான் ஆர்?"

"நீ கத்திக் குழறுவாய். அதுதான் ஊரிலையும் சொன்னனான், ஒருத்தரும் அவளுக்குப் போன் எடுக்காதேங்கோ, நான் பக்குவமாச் சொல்லுறன் எண்டு. நாளைக்குப் பிளேன் ஏற முன்னம் சொல்லுவம் எண்டிருந்தன். சொன்னாப்போலை நீ என்ன, அங்கை போயே பாக்கப்போறாய்?"

"மாளிகை டிக்கெட்டுகளும் முன்னமே புக் பண்ணினது, மச்சாள்" என்றாள் சுலக்சனா. அதைச் சமாதானமாகத்தான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் தான் சொன்னது என்னவென்று தெரிந்திருக்காது.

இந்த மனிதருக்குத் துடக்கு, அதுதான் சாவுத் தீட்டு, தெரியும். திருநீற்றைத் தொடவில்லை, மச்சம் தின்னவில்லை. தேவாலயங்கள் மட்டும் மியூசியம், அதனால் குற்றமில்லை. எல்லாம் முறைப்படி. கூடப்பிறந்தவளுக்குச் சொல்வது மட்டும் அவருடைய முறையில் இல்லை. செத்துப்போன தகப்பனுக்குச் சுகம் கேட்டு அவள் மெழுகுதிரி கொளுத்தும்போது பக்கத்தில் நின்று நேரத்தைப் பார்த்தாரே, அதை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

ஞானம்பிகை கத்தவில்லை. உருண்டையைக் கடைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அவர்கள் இருவரும் மிச்சக் கோயில்களைப் பார்க்கப் போனார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே போனார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் முதலில் கேட்டது வாளி. "உங்கடை பெரிய வாளியைத் தாங்கோ அக்கா." கொடுத்தேன். தண்ணீர் நிரப்பி, மேல்மாடிப் படிக்கட்டில் தன் வாசலுக்கு வெளியே வைத்தாள். அதன் பக்கத்தில் அவர்களுடைய பெட்டிகள் இரண்டையும் இழுத்து நிறுத்தினாள்.

பின்னேரம் அவர்கள் ஏறி வந்தார்கள். சுலக்சனாவின் கையில் பீங்கான் தலை ஒன்று, நினைவுப்பொருள். ஞானம்பிகை கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"செத்தவீட்டுக்குப் போட்டு வாறியள். முழுகாமல் என்ர வீட்டுக்குள்ள வரேலாது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? படிக்கட்டில நிண்டு முழுகிறதே? உனக்கும் துடக்குத்தானே."

"ஓம், எனக்கும் துடக்குத்தான். ஆனா நான் செத்தவீட்டுக்குப் போகேல்லை, அண்ணை."

கதவைச் சாத்தினாள். அதன் பிறகுதான் உள்ளே அவள் குழறி அழுவது கேட்டது. கீழ்ப்படியில் நின்ற எனக்கே கேட்டது, வாளியடியில் நின்றவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்.