மாமாவின் பட்டி நாய்

“என்ட நாய் ஒண்டும் செய்யாது” என்று எவராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கோபம் நாயின்மேல் இல்லை, அதைச் சொல்கிற வாயின்மேல். நான் அதை முதலில் கேட்டது என் மாமாவின் வாயிலிருந்து.

மாமா உம்மாவுக்கு மூத்தவர். கிண்ணியாவில் எங்களுக்கு அடுத்த வளவு. மாடுகளைக் காட்டோரத்தில் பட்டி போட்டு அடைத்திருந்தார். முரண்டு பிடிக்கிற மாட்டைக் காதில் கவ்வித் திருப்புவதற்கென்றே ஒரு நாயைப் பழக்கி, அதன் வீரத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிவார். பட்டியில் பழகிய பல் வீட்டு வளவிலும் பல்தான் என்பது மட்டும் அந்த மனிதருக்கு உறைக்கவேயில்லை.

எங்களிடம் ஓர் ஆட்டுக்கிடா இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் கொடுக்க வாப்பா வாங்கியது. தினமும் குழை ஒடித்துப் போட்டவள் நான். பெருநாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அல்லாஹ்வுக்குக் குடுக்கிறதுக்கு அழப்படாது மகள்,” என்றார் உம்மா.

அதனால் குசினிக்குப் பின்னால் போய் அழுதேன்.

ஒரு பின்னேரம் மாமா நாயோடு வந்தார். கிடா முருங்கையில் கட்டியிருந்தது.

“மச்சான், நாயக் கட்டிட்டு இரிங்க,” என்றார் வாப்பா.

“என்ட நாய் ஒண்டும் செய்யாது,” என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு, மாமா தேத்தண்ணி கேட்டார்.

கட்ட வேண்டியது அவிழ்ந்து நின்றது. ஓட வேண்டியது கட்டிக் கிடந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் கிடாவின் இடது காதில் பாதி நாயின் வாயில் இருந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். மாமா சிரித்தார்!

“சும்மா விளையாடினதுதான். நீ ஏன் புள்ள கயித்தக் கட்டையாக் கட்டின?”

குற்றம் என்னுடையதாகிவிட்டது. மனைவியின் மூத்தவரோடு முகத்தை முறிக்க வாப்பாவுக்கு மனம் வரவில்லை. காயத்தில் மஞ்சளை அப்பிவிட்டு, “காது போன கிடா குர்பானுக்கு ஆகாது,” என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல்லோடு என் அழுகை நின்றது. ஆகாது என்றால் அறுக்கமாட்டார்கள்! சந்தோசத்தை வெளியே காட்டாமல் நின்றேன்.

“என்னட்டத் தாங்க, பட்டியில நிண்டு மேயட்டும்,” என்று மாமா தாராள மனசோடு கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனார். வாப்பா குர்பானுக்கு வேறொன்று தேடப் போனார். நான் மாமாவை மன்னித்துவிட்டேன். நாயையும்தான். என் கிடாவைக் காப்பாற்றியதே அதுதானே.

பெருநாளைக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமையே மாமா வீட்டிலிருந்து ஒரு சட்டி ஆட்டிறைச்சி ஆணம் வந்தது. வாப்பா பசியில்லையென்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். வயிற்றுக்குச் சுகமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவருடைய பங்கையும் நானே சாப்பிட்டேன். பெரிய எலும்பு ஒன்றை ஒதுக்கி வைத்து, மாமாவின் வளவுக்கு ஓடினேன். நாய் அன்றும் கட்டாமல்தான் நின்றது. எலும்பை என் கையாலேயே அதற்குக் கொடுத்துத் தலையைத் தடவிவிட்டேன், என் கிடாவைக் காப்பாற்றியதற்காக.