சவரியார் இடது கையால் எழுதிய பக்கம்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் குமாஸ்தாக்கள் சங்கத்தின் அறை இருந்தது. 1939 மார்ச்சில் ஒரு நாள் பிற்பகல் ஆறு பேர் அந்த மாடிப்படி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவன் மருதாசலம், நூல் கிடங்கு ஒன்றின் காவல்காரன். உள்ளே சவரியார் மட்டும் இருந்தார்.

சவரியார் நூல் மண்டியில் பதினோரு வருடம் கடிதம் எழுதியவர். எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதனாலேயே சங்கத்தின் தீர்மானப் புத்தகமும் உறுப்பினர் பதிவேடும் அவர் பொறுப்பில் இருந்தன. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்பதுதான் சங்கத்தின் முதல் தீர்மானம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டதற்கு முதலில் வேலை போனதும் அவருக்குத்தான். அன்றிலிருந்து பகலெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து காகிதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

மருதாசலம் எதையும் தேடவில்லை. நேராகப் போய் ஓலைப்பாயை விலக்கி, அதன் கீழிருந்த தகரப் பெட்டியை இழுத்தான். சவரியார் பெட்டியின் மேல் விழுந்து மறைத்தார். விலாவில் உதைத்துப் புரட்டினார்கள். அப்போதும் கை பெட்டியை விடவில்லை. கூட வந்தவனிடம் தராசுப் படிக்கல் ஒன்று இருந்தது. வலது கையைத் தரையில் விரித்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லால் குத்தினார்கள். மூன்றாவது குத்தில் அவர் நினைவிழந்தார். தீர்மானப் புத்தகங்களை வீதியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பதிவேட்டை மட்டும் முதலாளிகளிடம் கொண்டு போனார்கள். மறுநாள் காலை அதிலிருந்த மற்ற நாற்பத்து மூன்று பேருக்கும் வேலை இல்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் மடங்கவில்லை.

பெட்டி இருந்த இடம் வெளியாள் யாருக்கும் தெரியாது. சங்கத் தலைவர் தீர்த்தகிரி உறுப்பினர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். எடப்பாடிக்காரன் செங்கோடன் நான்கு நாளாக யார் கண்ணிலும் படவில்லை. அது போதுமாயிருந்தது. அடுத்த சனிக்கிழமை, எடப்பாடி பஸ்ஸில் ஏறப்போனவனைப் பிடித்துப் பக்கத்துப் புளியந்தோப்புக்கு இழுத்துப் போனார்கள். தீர்த்தகிரியும் இன்னும் இரண்டு பேரும் அடித்தார்கள். கட்டுப் போட்ட கையோடு சவரியாரும் அங்கே நின்றிருந்தார். செங்கோடன் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். வண்டி அச்சாணி அவன் தாடையில் இறங்கியது. சொல்ல வந்தது ரத்தத்தோடு போயிற்று. மூன்றாம் நாள் இறந்தான்.

பாரவண்டி ஏறிவிட்டது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். போலீஸ் கேட்டபோது சவரியாரும் அப்படியே சொன்னார்.

பிறகு அவர் சிலேட்டு வாங்கி இடது கையால் எழுதப் பழகினார். மூன்று மாதத்தில் எழுத்து படிக்கும்படி வந்தது. எரிந்து போன இரண்டு வருடத்துக் கூட்டங்களை நினைவிலிருந்து புதுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். உறுப்பினர்களை வரவழைத்து வாசித்துக் காட்டி, தவறு இருந்தால் திருத்திக் கையெழுத்து வாங்கினார். வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவர்கள் அதற்காகவே வந்தார்கள்.

ஒரு நாள் காலை செங்கோடனின் மனைவி குஞ்சம்மாள் அந்த அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பெட்டியை எடுக்க வருவதற்கு முன்பே மருதாசலத்தின் ஆட்கள் தன் புருஷனைச் சாயப்பட்டறைக்குத் தூக்கிப் போய், சாயத் தொட்டியில் தலையை முக்கி முக்கி எடுத்ததைச் சொன்னாள். ஒன்பதாவது தடவைதான் அவன் பெட்டி இருக்கும் இடத்தைச் சொன்னானாம். செத்த பிறகு குளிப்பாட்டும்போதும் காதிலிருந்து நீலம் வந்ததாம்.

"ஏனுங்க, சங்கத்துல நடந்ததெல்லாம் எழுதறீங்களாமா?" என்று கேட்டாள். "எங்க ஊட்டுக்காரரை நீங்க கொன்னதையும் எழுதுவீங்களா?"

 அவள் போன பிறகு சவரியார் வீட்டுக்குப் போய் மனைவி அன்னாளிடம் தோப்பில் நடந்ததை முதல் தடவையாகச் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதாள். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்தில் அவர் தோப்பில் நடந்ததை எழுதிய பக்கத்தை வாசித்தார். அடித்த மூன்று பேரின் பெயரும் அதில் இருந்தது. தீர்த்தகிரி நான்கு அடி அடித்தார் என்றும் இருந்தது. கடைசி வரி: "சவரியார் அங்கே நின்றிருந்தார். தடுக்கவில்லை. பின்னர் பொய் சொன்னார்."

தீர்த்தகிரி எழுந்து வந்து அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னார். சவரியார் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். கன்னத்தில் விழுந்த அறையில் கண்ணாடி உடைந்தது. இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். போன தடவை உதைபட்ட அதே விலாவில் இப்போது சொந்தச் சங்கத்துக்காரர்களின் கால்கள் விழுந்தன. கூட்டத்தில் மூத்தவரான சென்னியப்பன் அவர் மேல் குப்புறப் படுத்துத் தடுத்தார். என்னையும் சேர்த்து அடியுங்கள் என்றார். அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்கள். தாள் இருக்க வேண்டுமா என்று கை தூக்கச் சொன்னார் சென்னியப்பன். இருபத்தொரு கை எழுந்தது. வேண்டாம் என்றவர்கள் பதினேழு பேர்.

அந்தப் பக்கம் போலீசுக்கு எட்டியது. கோர்ட்டில் சவரியார் தான் முன்பு சொன்னது பொய் என்றார். தீர்த்தகிரிக்கு ஐந்து வருடம், மற்ற இருவருக்கும் மும்மூன்று வருடம் தண்டனை ஆயிற்று. சாயத் தொட்டி விஷயத்தையும் அவர் சொல்லிப் பார்த்தார். பார்த்த சாட்சி இல்லை என்று மருதாசலத்தின் மேல் வழக்கே போடவில்லை. தீர்ப்பு நாளில் குஞ்சம்மாள் வந்திருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அதன்பின் சவரியாரின் வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. ஒரு கல் அன்னாளின் நெற்றியைப் பிளந்தது. சங்கம் பன்னிரண்டு பேராகச் சுருங்கியது. அவர் கூட்டங்களை எழுதிக்கொண்டே இருந்தார்.

1944-ல் ஒரு காலை, தண்டனை முடிந்து வந்த தீர்த்தகிரி அவர் வாசலில் வந்து நின்றார். தலை மொட்டை, உடம்பு பாதியாக இளைத்திருந்தது. சவரியார் கதவைச் சாத்தவில்லை. அன்னாளை மட்டும் பின்கட்டுக்குப் போகச் சொன்னார். வெட்டுவதானால் தன்னோடு போகட்டும் என்று நினைத்தார்.

தீர்த்தகிரி அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சவரியார் புத்தகத்தை எடுத்து விரித்து வைத்தார். தீர்த்தகிரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதுல தப்பு இருக்கு, சவரி," என்றார். "நாலு இல்ல. நான் ஆறு அடி அடிச்சேன். உள்ள இருக்கையில எண்ணிக்கிட்டே இருந்தேன். திருத்திடு."

சவரியார் இடது கையால் நான்கை அடித்து ஆறு என்று எழுதினார். தீர்த்தகிரி அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.