சினை மடவை வந்த பெட்டி

கோலார் தங்கவயலில் பிறந்தவன் யாரையும் லேசில் நம்ப மாட்டான் என்று பீட்டர் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அவனுடைய அப்பாவைச் சுரங்கத்திலிருந்து மேலே வரும்போதெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிச் சோதித்துத்தான் வீட்டுக்கு விட்டார்களாம். மகனுக்கு மிஞ்சிய சொத்து அந்தச் சோதனைப் புத்திதான். சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால்கூட, இதில் ஏதோ இருக்கிறது என்பான்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகும் தெருவில் அவனுக்கு மீன் கடை. கடலூர்ப் பக்கம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சீனு வலை போடுவான். மடவை, கிழங்கான், எப்போதாவது ஒரு கொடுவா என்று ஐஸ் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவான். பல வருஷப் பழக்கம். பீட்டர் சந்தேகப்படாத ஒரே ஆள் சீனுதான்.

இந்த மழைக்காலத்தில் அதுவும் போயிற்று. பெட்டியில் வந்த மடவை எல்லாம் ஒரே அளவு. பெரியதும் இல்லை, பொடியும் இல்லை, ஒன்றின் வயிற்றிலும் சினை இல்லை. அதே வாரம் பக்கத்துப் பேட்டையான அடுகோடியில் ஹரிஷ்குமாரின் மீன் கடையில் சினை மடவை தட்டு நிறையக் கிடந்தது. பீட்டருக்கு வயிறு எரிந்தது. நல்லதை அங்கே அனுப்பிவிட்டுக் கழித்ததை நம் தலையில் கட்டுகிறான் என்று முடிவே செய்துவிட்டான். உடனே போனைப் போட்டான்.

"இன்னா சீனு, நல்ல மாலெல்லாம் அடுகோடிக்குப் போவுதாமே?"

"ஐயோ, அது எந்த ஊரு மீனோண்ணா! சினை மீனு கடலுக்கு எறங்குற மாசம் இது. முகத்துவாரத்துல யாரும் வலை கட்டக் கூடாதுன்னு எங்க ஊர்க் கட்டுப்பாடு. தப்பித்தவறி மாட்னாலும் வுட்டுடணும். வலைக்கண்ணும் பெருசா இருக்கணும், குஞ்சு தப்பிச்சுக்கும். அதான் எல்லாம் ஒரே சைஸு."

"சும்னே கதை வுடாத. கையில மாட்ன மீன எவனாவது வுடுவானா? வர்ற வாரம் சினை மடவை வரல, உனக்கும் எனக்கும் ஆயித்து, அவ்ளோதான்."

சீனு, "சரிண்ணா" என்றான். அந்தச் சரியும் பீட்டருக்கு உறுத்தியது. ஒளித்து வைத்திருந்தால்தானே இப்படி ஒத்துக்கொள்வான்?

அடுத்த வாரம் பெட்டி நிறைய வயிறு புடைத்த மடவைகள்.

"பாத்தீங்களா, இத்தினி நாளா வெச்சுக்கினே இல்லன்னிருக்கான்!" என்று பூசை முடிந்து மீன் வாங்க வந்த ஆஷ்லியிடம் பீட்டர் குதித்தான். பெட்டி மதியத்துக்குள் காலியாயிற்று. ஜெயித்த குஷியில் சீனுவைக் குத்திக் காட்டலாம் என்று கூப்பிட்டான். சீனுவின் மனைவி வீணாதான் எடுத்தாள்.

"அவர ஊர்க்கூட்டத்துல நிக்க வெச்சிருக்காங்கண்ணா. முகத்துவாரத்துல வலை கட்டிட்டாரு. வலையப் புடுங்கிக்கினாங்க, இனிமே ஆத்துல எறங்கவே கூடாதாம். பீட்டரண்ணன் நம்ப மாட்டேங்குறாரு, ஒரு தபா காட்டிட்டாப் போதும்னுதான் போனாரு."

அப்போதும் பீட்டருக்கு முதலில் தோன்றியது, இவளும் நடிக்கிறாளோ என்பதுதான். அந்த நினைப்பு வந்த வேகம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"நான் இப்பவே பொறப்பட்டு வரேம்மா. நான்தான் கேட்டேன், அவன் மேல தப்பு இல்லன்னு கூட்டத்துல சொல்றேன்."

"வேணாண்ணா," என்றாள் வீணா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "மீனு வாங்குறவரு அப்பிடித்தான் பேசுவாருன்னுவாங்க. நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."