பின்னாலிருந்து வந்த குரல்

இன்று கிண்டியில் மயிலாப்பூர் பேருந்து ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் ஓர் அப்பாவும் மகளும். மகள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மடியில் ஒரு தடித்த பெல்ட், அதில் காலியான துப்பாக்கி உறை. ஆண்களுக்கான அளவு என்பதால், தி. நகரில் அப்பாதான் கூடுதல் ஓட்டைகள் போட்டு வாங்கி வந்தாராம்.

நகர்ந்துகொண்டே பிஸ்டலால் இலக்குகளைச் சுடும் போட்டிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். மகளுக்கு இன்றுதான் முதல் முறை.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

"பாதியிலயே வெளிய அனுப்பிட்டாங்க சார்."

முதல் சில இலக்குகளைச் சரியாகவே சுட்டிருக்கிறார். பார்வையாளர் பக்கமிருந்து அப்பா, "அப்டித்தான் ஸ்டெல்லா!" என்று கத்தியிருக்கிறார். காதுக் கவசத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டிருக்கிறது. கையில் பிஸ்டலோடு மகள் திரும்பிவிட்டார்.

துப்பாக்கி முனை பின்பக்கம் திரும்பினால் அத்துடன் போட்டி முடிந்தது. புதியவர் என்ற சலுகை கிடையாது.

"இஸ்கூல்ல இவ ஓடசொல்லோ கத்த ஆரம்பிச்சேன், இன்னும் கத்திக்கினு கீறேன்" என்றார் அப்பா. "இனிமே நான் வரலம்மா."

"நீ என்னப்பா பண்ணுவ? திரும்புனது என் கைதானே."

"எம்பக்கம்தானே திரும்புச்சு."

மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடையாறில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள்.

விதியில் தவறில்லை. அது அந்த அப்பாவின் உயிருக்காகவும்தான். ஆனால் அப்பா கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க எங்கே பயிற்சி தருகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.